பிள்ளையார் பிடிக்கிற மண்ணில் வீடு பிடிக்கலாமா?

'மச்சினன் குத்தாலத்துல வீடு கட்டப் போறான்' என்று ஆபீஸில் சொன்னதும், பக்கத்து ஸீட் நண்பர் கேட்ட முதல் கேள்வி: "அருவிக்குப் பக்கத்துலயா சார்? சீஸனுக்கு வந்துடறோம்!"

இந்த ஊர்க்காரர்களின் நிரந்தர சோகம் இது. அருவி கொட்டுவது தென்காசிப் பக்கத்துக் குற்றாலத்தில். இது குத்தாலம். மயிலாடுதுறை மாவட்டம். கும்பகோணத்திலிருந்து மாயவரம் போகிற ரோட்டில், காவிரியின் தென்கரையில், ஆடுதுறை தாண்டி வருகிற ஊர். இங்கேயும் கொட்டுகிறது... அருவி இல்லை, மண்! லாரி லாரியாக, வயலில். நேற்றுவரை நாற்று நட்ட இடத்தில் நாலைந்து அடி உயரத்துக்குச் சவுடு கொட்டி, எல்லைக் கல் நட்டு, 'நகர்' என்று முடிகிற பெயரில் போர்டு வைத்துவிடுகிறார்கள். என் மச்சினன் வாங்கியிருப்பது அப்படியொரு மனை. அவனுக்குச் சொத்து என்று இருப்பதெல்லாம் ஒரு பாங்க் லோனும், அதை அடைக்க இருபது வருஷமும்தான்.

நான் இன்ஜினீயர் இல்லை. சென்னையில் ஒரு சாயில் டெஸ்ட் கம்பெனியில் பில் போடுகிறவன், ரிப்போர்ட் டைப் அடிக்கிறவன். பதினாறு வருஷமாக. கோயில் வாசலில் பூ விற்பவருக்கு அர்ச்சனை மந்திரம் பாடமாகிவிடுகிற மாதிரி, எனக்கு மண் பாடமாகிவிட்டது. எந்த எண்ணுக்கு எந்த எண் சேரும், எது சேராது என்று கண் தானாகச் சொல்லும். அந்தக் கண்தான் இந்த விவகாரத்தில் என்னைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

மச்சினன் ஒருநாள் போனில், "அத்தான், பாங்க்ல சாயில் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டாங்க. நம்ம மேஸ்திரி ஒருத்தர்கிட்ட சொல்லிப் பாதி ரேட்டுல வாங்கிட்டேன். அனுப்பறேன், பார்த்துட்டு சொல்லுங்க" என்றான். பெருமை தாங்கவில்லை அவனுக்கு.

பார்த்தேன். பதினாலு பக்கம், அழகான பைண்டிங், கலரில் படம். மூன்றாம் பக்கத்தில் 'லிக்விட் லிமிட் 64, பிளாஸ்டிக் லிமிட் 27, பிளாஸ்டிஸிடி இண்டெக்ஸ் 29' என்று இருந்தது. இந்த மூன்றாவது எண், முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது. அவ்வளவுதான் அதன் ரகசியம். 64-ல் 27 போனால் 37. எல்.கே.ஜி. கணக்கு!

சரி, டைப்பிங் மிஸ்டேக்காக இருக்கலாம் (எங்கள் ஜாதி விஷயம், நானே விட்டுக்கொடுக்கக் கூடாது) என்று மேலே போனேன். எட்டாம் பக்கத்தில், 'ஆறு மீட்டர் ஆழத்தில் சிதைந்த பாறை' என்று போட்டிருந்தது. குத்தாலத்தில்! எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கான மீட்டர் படிவுக்குள் இறங்குகிற காவிரிப் படுகையில், ஆறாவது மீட்டரில் பாறையாம். யாரோ ஒரு புண்ணியவான் செங்கல்பட்டுப் பக்கத்து ரிப்போர்ட்டை எடுத்து ஊர் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்.

"தம்பி, மனையில யாராவது குழி தோண்டினாங்களா?"

"தோண்டலையே அத்தான். 'எல்லாம் இந்த ஏரியா மண்ணுதானே, நமக்குத் தெரியாதா'ன்னாங்க."

இந்தத் தொழிலில் இதற்குப் பெயர் 'டேபிள் ரிப்போர்ட்'. மேஜையிலேயே பிறந்து மேஜையிலேயே வளர்ந்தது. எல்லோரும் இப்படியில்லை, ராத்திரி பகலாகச் சேற்றில் நின்று வேலை பார்ப்பவர்கள்தான் அதிகம். ஆனால், வீடு கட்டுகிற நம்மைப் போன்றவர்கள் ரிப்போர்ட்டைத் திறந்தே பார்ப்பதில்லை. லோன் ஃபைலோடு ஃபைலாக அது பாங்குக்குள் போய் அடக்கமாகிவிடுகிறது.

'ஏரியா மண்ணு' என்ற பேச்சு இந்த ஊரில் குறிப்பாகச் செல்லாது. தேவாரத்தில் குத்தாலத்துக்குத் திருத்துருத்தி என்று பெயர். துருத்தி என்றால் ஆற்றுக்கு நடுவே இருக்கிற திட்டு. பெயரிலேயே மண் ரிப்போர்ட் இருக்கிறது, பாருங்கள். ஆறு ஒரு காலத்தில் இந்தப் பக்கம் ஓடியது, அந்தப் பக்கம் ஓடியது, திட்டு போட்டது, கரைத்தது. ஓடின இடத்தில் மணல். தேங்கின இடத்தில் களி. ஒரு மனையில் பத்தடிக்குக் களிமண் இருக்கும், நூறடி தள்ளி அடுத்தவர் மனையில் ஆற்று மணல் இருக்கும். பக்கத்து வீட்டு ரிப்போர்ட்டை வைத்து வீடு கட்டுவது, பக்கத்து வீட்டுக்காரர் எக்ஸ்ரேயை வைத்து நம் காலுக்குக் கட்டுப் போடுகிற மாதிரி.

எங்கள் கம்பெனி இன்ஜினீயர் ஒருவரைக் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு சனி ஞாயிறு ஆட்களோடு குத்தாலம் கூட்டிப்போனேன். மாமனார் வாசலிலேயே நின்று வரவேற்றார்.

"வாங்க மாப்பிள்ளை. மண் பரிசோதனைக்கா இவ்வளவு தூரம்? ரெண்டு பையில எடுத்துட்டுப் போனா பக்கத்துல ஆடுதுறையிலேயே பார்த்துத் தருவாங்களே!"

அவர் மேல் தப்பில்லை. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-லிருந்து இருக்கிறது. டெல்டாக்காரருக்கு மண் பரிசோதனை என்றால் தழை, மணி, சாம்பல் சத்து. பயிருக்கு என்ன பசி என்று பார்ப்பது அது. வீட்டை மேலே வைத்தால் மண் என்ன செய்யும் என்று பார்ப்பது இது. மண் ஒன்றுதான், கேள்வி வேறு.

மனையில் முக்காலியை நிறுத்தி வேலையை ஆரம்பித்ததும் கூட்டம் கூடிவிட்டது. முதலில் வந்தவர், "போர் போடறீங்களா? தண்ணி எத்தனை அடியில?" என்றார். அடுத்து சைக்கிளில் வந்த பெரியவர் இறங்கவே இல்லை, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "எண்ணெய் எடுக்கறவங்களா?" என்று முறைத்தார். 2017-ல் பக்கத்துக் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து பெரிய போராட்டமே நடந்ததிலிருந்து, இந்தப் பக்கத்தில் யார் பூமியில் குழாய் இறக்கினாலும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் இறக்க வேண்டும். மாமனார் வந்து, "நம்ம பய வீடு கட்டறான்யா" என்று சொன்னதும்தான் இரண்டாவது கால் தரையைத் தொட்டது.

இந்த டெஸ்டில் கம்ப்யூட்டரெல்லாம் கிடையாது. 63.5 கிலோ எடையுள்ள ஒரு சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட வேண்டும். குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி? அந்த எண்ணிக்கைக்கு 'என்' வேல்யூ என்று பெயர். மனையில் கொட்டிய சவுடு ஒன்றரை மீட்டர். அதற்குக் கீழே பழைய வயல். அங்கே போனதும் ஐந்தே அடியில் இறங்கிவிட்டது. கருப்புக் களிமண், அல்வா மாதிரி குழாய்க்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. ஐந்து மீட்டர் ஆழத்தில் களி முடிந்து மணல் ஆரம்பித்தது.

மாமனார் அதில் ஒரு உருண்டையைக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்து உருட்டி, நூலாகத் திரித்துப் பார்த்தார். "இது பிள்ளையார் பிடிக்கிற மண்ணு மாப்பிள்ளை. ஆவணியில இதைத்தான் எடுப்போம்" என்றார்.

இன்ஜினீயர் ஆச்சரியமாகப் பார்த்தார். "சார், நாங்க லேப்ல செய்யப் போறதே இதைத்தான்!"

நிஜம். ஆல்பர்ட் அட்டர்பர்க் என்று ஸ்வீடனில் ஒரு ரசாயன நிபுணர். விவசாயத்துக்காகக் களிமண்ணை ஆராய்ந்தவர். 1911-ல் அவர் கண்டுபிடித்தது இது: களிமண்ணின் குணத்தை அதன் நிறத்திலோ பெயரிலோ தேடாதே; எவ்வளவு தண்ணீர் சேர்த்தால் அது கூழாகிறது, எவ்வளவு குறைத்தால் உதிர்கிறது என்று பார். கூழாகிற எல்லை லிக்விட் லிமிட். உதிர ஆரம்பிக்கிற எல்லை பிளாஸ்டிக் லிமிட். லேப்பில் கண்ணாடித் தட்டின்மேல் மண்ணை விரலால் உருட்டுவார்கள். மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு நூல் வந்து அங்கேயே விரிசல் விட்டால், அப்போது அதிலிருக்கும் தண்ணீர் சதவிகிதம்தான் பிளாஸ்டிக் லிமிட். முறுக்கு மாவுக்குப் பதம் பார்ப்பது போலத்தான். லிக்விட் லிமிட்டுக்கு ஒரு பித்தளைக் கிண்ணம். ஆர்தர் காசாகிராண்டே 1932-ல் ஒழுங்குபடுத்திக் கொடுத்த கருவி. குழைத்த மண்ணைப் பரப்பி நடுவே ஒரு கோடு கிழித்து, பத்து மில்லிமீட்டர் உயரத்திலிருந்து டொக் டொக்கென்று தட்டுவார்கள். 25 தட்டில் கோடு மூடிக்கொண்டால், அதுதான் எல்லை.

'இந்த முறுக்கு மாவு விளையாட்டுக்கும் என் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா? இருக்கிறது. களிமண் துகள் ரொம்பப் பொடி. தட்டுத் தட்டாக இருக்கும். தண்ணீரை மேலே ஒட்டவைத்துக்கொள்ளும். எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டும் ஒரு மண் கூழாகாமல் நிற்கிறதோ, அவ்வளவு தண்ணீரை அது ஒருநாள் கக்கவும் செய்யும், குடிக்கவும் செய்யும். பாரம் ஏற்றினால் கக்கும்: வீடு இறங்கும். மழையில் குடிக்கும்: வீடு தூக்கும். கோடையில் காயும்: வெடிக்கும். சித்திரை மாதத்தில் டெல்டா வயலில் கால் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்த வெடிப்பு, வீடு கட்டிவிட்டோம் என்பதற்காக நிற்பதில்லை. வீட்டுக்கு வெளியே காயும், நடுக்கூடத்துக்குக் கீழே ஈரம் அப்படியே இருக்கும். ஒரு பக்கம் இறங்கி ஒரு பக்கம் நிற்க, சுவர் மூலைவாட்டில் கிழியும். மச்சினன் மனைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு புது வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து போகிற விரிசலில் ஏ.டி.எம். கார்டைச் சொருகலாம். அந்த வீட்டுக்காரர் வாஸ்து பார்த்துக் கட்டியவர்தான்.

உண்மையாகப் பார்த்தால் மண்ணை அழுக்கிப் பார்க்கவே தனி டெஸ்ட் இருக்கிறது. ஒவ்வொரு பாரத்துக்கும் ஒரு நாள் வீதம் காத்திருக்க வேண்டும். வாரக்கணக்கில் இழுக்கும், பில்லும் (நான்தானே போடுகிறேன்) ஏறும். அதனால்தான், சின்ன டெஸ்ட் எண்களை வைத்துப் பெரிய குணத்தைக் கணிக்க ஃபார்முலாக்கள் செய்து வைத்தார்கள். கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்கிற மாதிரி. ஒரு வித்தியாசம், இதில் ஆயிரக்கணக்கான மண்ணை நிஜமாகவே சோதித்துப் பார்த்துச் சொல்கிறார்கள்.

நம் மண்ணுக்கே போட்டுக் காட்டுகிறேன். லேப்பிலிருந்து வந்த எண்கள்: லிக்விட் லிமிட் 66. பிளாஸ்டிக் லிமிட் 26. கழித்தால் 40 (சரியாகக் கழித்திருக்கிறோம்). மண்ணில் இப்போது இருக்கும் ஈரம் 34 சதவிகிதம்.

முதல் சோதனை, இந்த எண்களே நிஜமா என்பது. காசாகிராண்டே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்: லிக்விட் லிமிட்டில் 20-ஐக் கழித்து 0.73-ஆல் பெருக்கு. நம் மண்ணுக்கு 33.6 வருகிறது. நம்முடைய 40 அதற்கு மேலே இருக்கிறது. ஆக, அசல் களி. அந்த டேபிள் ரிப்போர்ட்டை இதே தராசில் வைத்தால் 32-க்குப் பக்கத்தில் வரும். அவர்கள் எழுதிய 29 அதற்குக் கீழே. அதாவது அது களிமண்ணே இல்லை, வண்டல் ரகம். அவர்களோ பக்கத்திலேயே 'களிமண்' என்று போட்டிருந்தார்கள். பொய் சொல்பவனுக்கு ஞாபகசக்தி வேண்டும் என்பார்கள். கொஞ்சம் பெருக்கல் வாய்ப்பாடும் வேண்டும்.

இரண்டாவது, வீடு எவ்வளவு இறங்கும்? டெர்ஸாகியும் பெக்கும் 1948-ல் எழுதிய புத்தகம் மூலம் உலகமெல்லாம் பரவின ஃபார்முலா: லிக்விட் லிமிட்டில் 10-ஐக் கழித்து 0.009-ஆல் பெருக்கினால், மண் எவ்வளவு அழுங்கும் என்பதற்கான எண் கிடைக்கும். நமக்கு 0.504. ஒன்றரை மீட்டர் சவுடு கொட்டியிருக்கிறோமே, அதன் எடை மட்டும் சதுர மீட்டருக்குச் சுமார் 2.7 டன். (பலருக்கும் தெரியாத விஷயம்: வயலில் கொட்டுகிற மண், அதன்மேல் கட்டுகிற சின்ன வீட்டைவிடக் கனமாக இருந்துவிடும்.) களிக்கட்டின் நடுவில் முன்பே இருந்த பாரம் சுமார் 1.5 டன். மூன்றரை மீட்டர் களி. எல்லாவற்றையும் போட்டுக் கணக்குப் பண்ணினால் வருகிற விடை, ஏறக்குறைய 41 சென்டிமீட்டர். ஒன்றேகால் அடிக்கு மேல்!

மச்சினன் முகம் வெளுத்துவிட்டது. "அத்தான், வீடு கட்டறேனா, கிணறு தோண்டறேனா?"

இங்கேதான் இன்ஜினீயர் எழுந்தார். "அவசரப்படாதீங்க. அந்த ஃபார்முலா, இதுக்கு முன்னாடி எந்தக் கஷ்டமும் படாத மண்ணுக்கு. இந்த மண்ணு அப்படியா?"

ஈரம் 34 என்றேனே, அதைப் பாருங்கள். 34-லிருந்து 26-ஐக் கழித்தால் 8. அதை 40-ஆல் வகுத்தால் 0.2. இது ஒன்று என்றால் மண் கூழ்ப் பதத்தில் இருக்கிறது. பூஜ்யம் என்றால் நூல் திரிக்கிற பதத்தில், இறுகி இருக்கிறது. இந்த இரண்டு பதத்துக்கும் நடுவே வலுவில் சுமார் நூறு மடங்கு வித்தியாசம். நம்முடையது பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறது. அதாவது இந்தக் களி, எத்தனையோ கோடைகளில் காய்ந்து, சுருங்கி, ஏற்கெனவே தன்னைத்தானே அழுத்திக்கொண்ட மண். பட்டுத் தேறினது. அப்படிப்பட்ட மண், புது பாரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்குதான் அழுங்கும். 41 என்பது எட்டாகவோ நாலாகவோ குறைந்துவிடும். சவுடு கொட்டி மூன்று மழைக்காலம் போய்விட்டதால், அதிலும் பெரும் பங்கு ஏற்கெனவே இறங்கியிருக்கும்.

ஒரே மண், ஒரே ஃபார்முலா. ஒரு எண்ணைப் பார்க்காமல் விட்டால் 41, பார்த்தால் 4. ரிப்போர்ட் டைப் அடிக்கிற எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது, அந்த ஈரத்தின் காலத்தை ஏன் யாரும் காலியாக விடுவதில்லை என்று.

மூன்றாவது கேள்வி, தாங்குமா? 'என்' ஐந்து என்றால் நடுத்தரக் களி. சதுர மீட்டருக்கு ஐந்தாறு டன்வரை நம்பி வைக்கலாம் என்றார். மாடி வீட்டுக்குச் சமாளித்துவிடலாம். அப்பாடா என்று மாமனார் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். இன்ஜினீயர் மூடவைத்தார். "தாங்கும் சார். அசையாம இருக்குமாங்கறதுதான் பிரச்னை."

அதற்கான டெஸ்ட்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நீங்களே வீட்டில் ஒப்புக்குச் செய்து பார்க்கலாம் (மனைவி ஊருக்குப் போயிருக்கும்போது உத்தமம்). உலர்த்திச் சலித்த களிமண் பத்துப் பத்து கிராம், அளவுக்கோடு போட்ட இரண்டு கண்ணாடிக் குழாயில். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். கலக்கிவிட்டு ஒரு ராத்திரி ஒரு பகல் விட்டுவிட வேண்டும். மண்ணெண்ணெயைக் களிமண் சீந்தாது. அதில் மண் சும்மா படிந்து கிடக்கும். தண்ணீரில் உப்பும். எத்தனை சதவிகிதம் அதிகம் உப்பியிருக்கிறது என்பதுதான் 'ஃப்ரீ ஸ்வெல்'. நம் மண் 90.

இந்திய தர நிர்ணயப் புத்தகத்தைப் புரட்டினால் வேடிக்கை. ஃப்ரீ ஸ்வெல் 50-லிருந்து 100 என்றால் 'சுமாராக உப்பும்'. லிக்விட் லிமிட் 66 என்று பார்த்தால் 'அதிகம் உப்பும்'. பிளாஸ்டிஸிடி 40 என்று பார்த்தால் 'மிக மிக அதிகம்'. ஒரே பட்டியலில், ஒரே மண்ணுக்கு மூன்று ஜாதகம்! மூன்று ஜோசியரும் மூன்று விதமாகச் சொன்னால் என்ன செய்வது? பெண்ணையே நேரில் பார்த்துவிட வேண்டியதுதான். குழாயில் கலைக்காமல் எடுத்து வந்த மண்ணைத் தண்ணீரில் ஊறவைத்து, உப்பவிடாமல் அழுத்திப் பிடிக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்று பார்க்கிற டெஸ்டைச் செய்தார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோ. கேட்க அற்பமாக இருக்கும். சதுர மீட்டருக்கு ஏழு டன்! நம் கூடத்துத் தரையும் டைல்ஸும் கட்டிலும் பீரோவும் மாமியாரும் சேர்ந்தாலும் சதுர மீட்டருக்கு ஒரு டன்னை எட்டாது. களி முதுகைத் தூக்கினால் தடுக்க ஆளில்லை. கொட்டிய சவுடு 2.7 டன்னோடு மேலே உட்கார்ந்திருப்பது ஒரு விதத்தில் நல்ல காரியம்; முழுக் காரியம் இல்லை.

மேஸ்திரியை அழைத்து வைத்துப் பேசினோம். ஐம்பது வயதுக்காரர், கை சுத்தம். "அஞ்சடி கடைக்கால் எடுத்து, மணல் போட்டுத் தண்ணி விட்டு இறுக்கி, கருங்கல் கட்டிடலாம் சார். எங்க தாத்தா காலத்துலேர்ந்து இப்படித்தான். கல்லணையே மணல்லதான் நிக்குது!"

கடைசி வரி நூற்றுக்கு நூறு சரி. ஆற்று மணலில் பாறைகளை அமுக்கி அமுக்கி எழுப்பியதுதான் கல்லணை. ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த மண்ணின் பழைய ஆட்களிடமிருந்துதான் கற்றோம் என்று ஆர்தர் காட்டனே எழுதி வைத்திருக்கிறார். பிறகு கோதாவரியில் தவளேஸ்வரத்தில் அணை கட்டினார். ஆனால் அது மணல். இது களி. மணல் பாரம் வைத்த அன்றே இறங்கவேண்டியதை இறங்கிவிட்டு நிற்கும், உப்பாது, வெடிக்காது. களி, கல்யாணமாகி மூணாம் வருஷம் குணத்தைக் காட்டும். தாத்தா வீடுகள் நின்றதற்கும் காரணம் உண்டு. அவை வயலில் கட்டப்படவில்லை. மேட்டில், ஊர்த்திட்டில் கட்டப்பட்டன. களிமண்ணில் நெல் போட்டார்கள், மணல் திட்டில் வீடு போட்டார்கள். நாம்தான் வயலுக்குக் குடி போகிறோம்.

மேஸ்திரி விடவில்லை. "மேல நின்னு குதிச்சுப் பாருங்க சார், கல்லு மாதிரி இருக்கு!"

அதற்கு இன்ஜினீயர் ஒரு நிஜக் கதை சொன்னார். கனடாவில் வின்னிபெக் பக்கம் டிரான்ஸ்கோனா. 1913-ல் 65 ராட்சதக் கான்கிரீட் குதிர்கள் கொண்ட தானியக் கிடங்கு கட்டினார்கள். மேல்மண்ணில் பாரம் வைத்துச் சோதித்தார்கள். கல்லு மாதிரி இருந்தது. தானியத்தை ரொப்பினார்கள். அக்டோபர் 18-ஆம் தேதி இறங்க ஆரம்பித்தது, ஒரு நாளுக்குள் அத்தனை குதிரும் மொத்தமாக 27 டிகிரி சாய்ந்துவிட்டது. கான்கிரீட் உடையவே இல்லை. மேலே இருந்த கெட்டிக் களிக்குக் கீழே மெத்துக் களி இருந்ததை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அப்புறம் அடியில் பாறைவரை தூண் இறக்கி நிமிர்த்தினார்கள். நாற்பது வருஷம் கழித்துத் துளை போட்டு மண்ணெடுத்துக் கணக்குப் போட்டபோது, அது விழுந்த பாரமும் கணக்கில் வந்த பாரமும் கிட்டத்தட்டப் பொருந்தின.

நெல்லுக் குதிர் என்றதும் மாமனார் பக்கம் மாறிவிட்டார். "அப்ப என்னதான் செய்யணுங்கறீங்க தம்பி?"

அண்டர்ரீம்டு பைல். ரூர்க்கியில் இருக்கிற மத்திய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்காகவே வளர்த்தெடுத்த முறை. ஒல்லியாகத் துளை போட்டு, அடியில் மட்டும் ஒரு கருவியால் குடைந்து அகலப்படுத்தி, கம்பி வைத்துக் கான்கிரீட் ஊற்றுவது. அடிப்பக்கம் தண்டைப் போல இரண்டரை மடங்கு வீக்கம். கவிழ்த்து வைத்த கோயில் மணி மாதிரி. களிமண் மேலே இழுத்தாலும் அந்த வீக்கம் கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும். உப்பும் மண்ணில் குறைந்தது மூன்றரை மீட்டர் ஆழம் போகவேண்டும் என்பது விதி. மழையும் வெயிலும் அவ்வளவு ஆழத்துக்கு எட்டிப்பார்ப்பதில்லை. பைல் தலைகளை இணைக்கிற பீம், மண்ணைத் தொடாமல் அடியில் கொஞ்சம் இடைவெளி விட்டு ஓடவேண்டும். மண் உப்பினால் அந்த இடைவெளிக்குள் உப்பிக்கொள்ளட்டும். நம் மனையில் மேலே சவுடு இருப்பதால் நாலரை மீட்டர் என்று முடிவாயிற்று. ஐந்தாவது மீட்டரில் இருக்கிற மணலைத் தொடக் கூடாது. தண்ணீர் ஊறுகிற மணலில் குடைந்தால் குடைவு நிற்காமல் சரிந்துவிடும். கொட்டிய மண் மிச்சம் மீதி இறங்கும்போது பைலையும் பிடித்துக் கீழே இழுக்கும். அதற்கும் கணக்கில் கொஞ்சம் ஒதுக்கினார்.

கூடுதல் செலவு என்ற பேச்சு வந்ததும் வீடு நிசப்தமாயிற்று. பாங்க் லோன் ஏற்கெனவே விளிம்பில். மாமியார் உள்ளேயிருந்து, "கண்ணுக்குத் தெரியாத இடத்துல போய் இவ்வளவு காசைப் புதைக்கணுமா?" என்றார். நியாயமான கேள்வி. சொந்தக்காரர் கிரகப்பிரவேசத்துக்கு வந்தால் டைல்ஸைத் தடவிப் பார்ப்பார். பைலைத் தடவிப் பார்ப்பாரா?

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மச்சினன் பிளானை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பணம் அவனுடையது, இருபது வருஷமும் அவனுடையது. முகப்பில் நாலு தூண் வைத்துப் போர்டிகோ போட்டிருந்தான், படத்தில் அரண்மனை மாதிரி இருந்தது. அதைச் சிவப்புப் பேனாவால் அடித்தான். மாடி அறையை, 'பின்னால்' என்று எழுதி வட்டம் போட்டான். கொஞ்சம் யோசித்து, கூடத்து டைல்ஸின் ரேட்டையும் குறைத்தான். "அத்தான், இப்ப வருதா பாருங்க" என்று கால்குலேட்டரை நீட்டினான். வந்தது; சுமாராக வந்தது.

தையில் பைல் போட்டார்கள். ஒவ்வொரு துளையிலும் அடிமண்ணை மேஸ்திரியே கையில் வாங்கி, உருட்டி, நூல் திரித்துப் பார்த்துவிட்டுத்தான் குடைய விட்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவராகவே. கிளம்புகிற அன்றைக்கு என்னைத் தனியே கூப்பிட்டு, மஞ்சள் பையிலிருந்து இரண்டு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தார். இரண்டிலும் கருப்புக் களிமண், மூடியில் ஆழம் எழுதி ஒட்டியிருந்தது.

"என் பொண்ணுக்கு வாங்கின மனை சார், திருமணஞ்சேரி ரோட்டுல. இதையும் கொஞ்சம் மண்ணெண்ணெய்ல போட்டுப் பார்த்துச் சொல்லுங்க."